ஆடிக் கறந்த அம்மையார்

(எங்கள் ஊர் வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது. பேசும்போது நாக்கில் வராமல் போன சில வரிகளை எழுதும்போது சேர்த்திருக்கிறேன். தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பியதால் விட்டவை வேறு. அவை இங்கேயும் இல்லை.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, வாழ்த்துரை வழங்க வந்திருக்கும் மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, பெண்கள் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, எங்கள் நூலகர் அம்மா அவர்களே, நாற்காலியும் ஒலிபெருக்கியும் வாடகை வாங்காமல் அனுப்பிவைத்த வர்த்தகர் சங்கச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியப் பெருமக்களே, பின்வரிசையில் சுண்டலுக்காகக் காத்திருக்கும் என் பழைய மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பந்தல் போட்ட தம்பிக்கும் வணக்கம். போன ஆண்டு அவரைச் சொல்ல மறந்துவிட்டேன். மறுநாள் டீக்கடையில் என்னைப் பார்த்தும் பாராதவர் மாதிரி கிளாஸை வைத்துவிட்டுப் போனார். அதனால் இந்த ஆண்டு அவர் பெயரைத்தான் தாளில் முதலில் எழுதிக்கொண்டேன். மேடை மரபு என்று ஒன்று இருப்பதால் கடைசியில் சொல்கிறேன்.

சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. இன்றைக்கு நல்ல முகூர்த்த நாள். காலையிலிருந்து மூன்று கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு துக்கம் என்று சுற்றிவிட்டு, நமக்கும் அரை மணி நேரம் ஒதுக்கி வந்திருக்கிறார். நடுவில் அவர் எழுந்து போனால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நான் சொல்லப்போவதில் ஒரு பகுதி அவர் காதில் விழவேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் வேகமாகவே போகிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் சட்டமன்றப் பணி. இதை ஐந்து செய்தியாகப் பிரித்து வைத்திருக்கிறேன். ஒன்று, அவர் பிறப்பும் படிப்பும். இரண்டு, சட்டசபைக்குள் அவர் எப்படி நுழைந்தார் என்பது. மூன்று, தேவதாசி முறைக்கு எதிராக அவர் கொண்டுவந்த சட்டம். நான்கு, பதவியை விட்ட பிறகு செய்தவை. ஐந்தாவது, நாம் என்ன செய்யவேண்டும் என்பது. ஐந்தாவது என்னவென்று சிலருக்கு இப்போதே தெரிந்துவிட்டது, சிரிக்கிறார்கள். சிரியுங்கள். பத்து வருஷமாக அதையே சொல்கிறேன் என்பது எனக்கும் தெரியும்.

முதலில் ஒரு பழமொழி. 'ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும்.' இதை ஏதோ நயவஞ்சகம் கற்றுக்கொடுக்கிற பழமொழி என்று நினைக்கிறவர்கள் உண்டு. அவர்கள் மாடு கறந்ததில்லை.

எங்கள் அப்பத்தாவிடம் ஒரு செவலைப் பசு இருந்தது. பாடினால்தான் பால் விடும். நான் கதையளக்கவில்லை. அப்பத்தா மடியைக் கழுவிவிட்டு, தாலாட்டு ஒன்றை எடுத்து இரண்டு அடி இழுத்தால்தான் அது காலை ஊன்றி நிற்கும். ஒருநாள் அப்பத்தாவுக்குக் காய்ச்சல். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. செம்பை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். எனக்குத் தாலாட்டு தெரியாது, தெரிந்ததெல்லாம் வாய்ப்பாடு. சரி, மாட்டுக்கு என்ன தெரியப்போகிறது என்று பதினாறாம் வாய்ப்பாட்டை ராகம் போட்டு ஆரம்பித்தேன். ஐந்து பதினாறு எண்பது வரைக்கும் பொறுத்துக்கொண்டது. ஆறு பதினாறு என்று வாயெடுத்தேன். செம்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பிற்காலத்தில் முப்பத்து நான்கு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தேன். பதினாறாம் வாய்ப்பாடு நடத்தும்போதெல்லாம் வலது முழங்கால் லேசாக வலிக்கும்.

முத்துலட்சுமி அம்மையாரின் சட்டமன்ற வாழ்க்கையைப் படிக்கும்போது எனக்கு அந்தச் செவலைதான் ஞாபகம் வருகிறது. அந்தச் சபையை எப்படிக் கறக்கவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

முதல் செய்தி. 1886 ஜூலை 30-இல் நம் புதுக்கோட்டையில் பிறந்தார். அப்போது இது தனிச் சமஸ்தானம். தந்தை நாராயணசாமி ஐயர், கல்வித்துறையில் இருந்தவர். தாயார் சந்திரம்மாள், கோயிலுக்குப் பொட்டுக்கட்டும், அதாவது பெண்பிள்ளைகளைத் தேவதாசியாக நேர்ந்துவிடும், வழக்கம் இருந்த குலத்தில் பிறந்தவர். இந்த ஒரு வரியைச் சிலர் மேடையில் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டக்கூடாது. பின்னால் சபையில் எழுந்து நின்று அவர் பேசியது யாரோ ஊரார் வீட்டு விவகாரத்தை அல்ல.

மெட்ரிகுலேஷன் தேறியதும் மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். அதுவரை பையன்கள் மட்டுமே படித்த கல்லூரி. ஒரு பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைக் காதில் போட்டுக்கொள்ளாமல் 1904-இல் இடம் கொடுத்தார். வகுப்பில் இவருக்கும் பையன்களுக்கும் நடுவே திரை. பையன்கள் கெட்டுப்போகாமல் இருக்க ஒரு துணி போதும் என்று நம்பிய காலம் அது. அப்புறம் 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-இல் டாக்டர் பட்டம். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியைச் சாதி கடந்து மணந்தார். தன்னைச் சமமாக நடத்தவேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு செய்துகொண்ட கல்யாணம். பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை அவர்கள் இதைப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லவேண்டும். வேண்டாம் என்று பெற்றோர் சண்டைக்கு வந்தால் என்னிடம் அனுப்புங்கள்.

இரண்டாவது செய்தி. 1919-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம், பெண்களுக்கு வாக்கு கொடுப்பதா வேண்டாமா என்பதை மாகாணச் சபைகளே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. சென்னைச் சபை 1921-இலேயே கொடுத்தது. எல்லாப் பெண்களுக்கும் இல்லை, சொத்து உள்ளவர்களுக்கு. வாக்குப் போடலாம், ஆனால் உறுப்பினராக முடியாது என்ற நிலைமை 1926-இல்தான் மாறியது. அந்த ஆண்டுத் தேர்தலில் மங்களூரில் கமலாதேவி சட்டோபாத்யாய் நின்று மயிரிழையில் தோற்றார். ஆக, தேர்தல் வழியாக வரவேண்டிய பெண் வாசல்வரை வந்து திரும்பிவிட்டார். அடையாற்றில் இருந்த இந்திய மாதர் சங்கம் முத்துலட்சுமி அம்மையாரின் பெயரை முன்மொழிய, அரசாங்கம் அவரை நியமன உறுப்பினராக்கியது. அவருக்கோ தயக்கம். மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு அங்கே போய் என்ன செய்வது என்று. ஆனாலும் போனார்.

போன சில வாரங்களில், 1927 தொடக்கத்தில், சபை அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் சட்டசபை உறுப்பினரான முதல் பெண் அவர்தான். அன்றைய சென்னை மாகாணம் என்றால் கஞ்சம் தொடங்கி மலபார், தென்கன்னடம் வரை. தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசும் உறுப்பினர்களும் ஜமீன்தார்களும் வக்கீல்களும் வெள்ளைக்கார அதிகாரிகளும் உட்கார்ந்திருக்கும் ஜார்ஜ் கோட்டைச் சபையில் ஒரே ஒரு பெண். எனக்கு ஓர் ஐயம்: அலங்காரத்துக்கு ஒரு நாற்காலி கொடுத்தால் அம்மாள் பேசாமல் உட்கார்ந்திருப்பார் என்று சிலர் நினைத்திருக்கலாம். நினைத்திருந்தால் அவர்களுக்கும் என் முழங்கால் அனுபவம்தான்.

மூன்றாவது செய்திக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நிற்கவேண்டும்.

பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்தச் சட்டம் கொண்டுவரவேண்டும் என்று 1927 நவம்பரில் சபையில் தீர்மானம் கொண்டுவந்தார். நிறைவேறியது. ஆனால் தீர்மானம் வேறு, சட்டம் வேறு. தீர்மானம் என்பது அரசாங்கத்துக்குச் சொல்லும் பரிந்துரை. கேட்டால் கேட்கும், இல்லாவிட்டால் கோப்பில் கட்டி வைக்கும். அவர் அதோடு நிற்கவில்லை. இந்த வழக்கம் எதில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தார். பக்தியைவிட அதிகமாக நிலத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

கோயில் பணிக்காக அந்தக் குடும்பங்களுக்கு இனாம் நிலம் விடப்பட்டிருந்தது. பணி செய்கிறவரைக்கும்தான் நிலம். இன்றைக்கு ஒரு பெண், எனக்கு இது வேண்டாம், நான் கல்யாணம் செய்துகொண்டு போகிறேன் என்றால் நிலம் கைவிட்டுப் போகும். தாயும் பாட்டியும் சாப்பிடுவது அந்த நிலத்தில். அதனால் ஒரு பெண் வெளியே போகவேண்டுமென்றாலும் அடுத்த பெண்ணுக்குப் பொட்டுக்கட்டியே ஆகவேண்டும். நீதி போதனையால் இந்த முடிச்சு அவிழுமா? அவிழாது. அம்மையார் இந்து அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். கோயில் பணியிலிருந்து அந்தப் பெண்ணை விடுவி. நிலத்தை அவளிடமே விடு. அவ்வளவுதான். 1929-இல் அது சட்டமாயிற்று.

பாருங்கள். பொட்டுக்கட்டாதே என்று முதலில் சட்டம் போடவில்லை. நிலம் போய்விடும் என்ற பயத்தை முதலில் எடுத்தார். அறநிலையச் சட்டம் என்ற, எல்லோரும் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட சட்டத்துக்குள்ளேயே ஒரு பிரிவைச் செருகினார். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும்.

அதற்கு அடுத்துத்தான், 1930-இல், பொட்டுக்கட்டுவதையே தடைசெய்யும் மசோதாவை வைத்தார். எதிர்ப்பு பலமாக இருந்தது. சபைக்குள் எதிர்த்துப் பேசியவர்களில் முக்கியமானவர் சத்தியமூர்த்தி. அவர் யார்? நம் திருமயத்துக்காரர். ஆக, ஜார்ஜ் கோட்டையில் நடந்த அந்தப் பெரிய வாக்குவாதத்தில் இரண்டு பக்கமும் நம் புதுக்கோட்டைச் சீமை. கோட்டையில் நடந்தாலும் நம் ஊர்ச் சண்டைதான்! சத்தியமூர்த்தி நாட்டு விடுதலைக்குச் சிறை போனவர், பெரிய பேச்சாளர். இந்த விஷயத்தில் மட்டும் கோயில் மரபு, கலை என்று மறுபக்கம் நின்றார். பெரியவர்களும் சில நேரம் தவறான பக்கத்தில் நிற்பார்கள். மறைக்கவேண்டியதில்லை.

சபைக்கு வெளியே எதிர்த்தவர்களில் பெங்களூர் நாகரத்தினம்மாள் ஒருவர். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் கட்டியவர். எங்களைக் கேட்காமல் எங்களைப் பற்றிச் சட்டம் போடுகிறீர்களே, எங்கள் இசையும் சொத்துரிமையும் என்னாவது என்பது அவர்கள் கேள்வி. எளிதாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. மறுபக்கம், அதே குலத்தில் பிறந்து, மாயவரம் பக்கத்தில் ஊர் ஊராக நடந்து இந்த வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் இருந்தார். இந்த இரண்டு பெண்களைப் பற்றியும் தனித்தனியாக ஒரு மாலை பேசவேண்டும். அடுத்த ஆண்டு கூப்பிட்டால் பேசுகிறேன்.

மசோதா பொதுக்கருத்துக்குப் போயிருந்த நேரம். உப்புச் சத்தியாகிரகம் தொடங்கிவிட்டது. 1930 மே மாதம் காந்தியடிகள் கைதானார். அம்மையார் பதவியைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியே வந்தார். அவர் வைத்த மசோதா சட்டமானது எப்போது? 1947-இல், ஓமந்தூரார் மாகாண முதல்வராக இருந்த காலத்தில். பதினேழு வருஷம். அதற்குள் இவர் கடிதம் எழுதினார், ஆட்சிக்கு வந்தவர்களையெல்லாம் போய்ப் பார்த்தார், பத்திரிகையில் எழுதினார். உள்ளே இருந்தபோது ஆடிக் கறந்தவர் வெளியே வந்ததும் பாடிக் கறந்திருக்கிறார்.

இதற்கு நடுவே 1928-இல் குழந்தைத் திருமணத்துக்கு எதிராக, பெண்ணுக்குப் பதினாறு, ஆணுக்கு இருபத்தொன்று என்று வயது வைக்கும்படி தீர்மானம். 1929-இல் டில்லியில் நிறைவேறிய சாரதா சட்டம் பதினான்கு, பதினெட்டு என்றுதான் வைத்தது. இவர் அதைவிட முன்னால் போய் நின்றிருக்கிறார். பெண் குழந்தைகளின் படிப்பு, பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை என்று மற்றவையும் உண்டு. விரித்தால் சுண்டல் ஆறிவிடும்.

இங்கே நான் சொல்லவந்த இடத்துக்கு வருகிறேன். சபையை விட்டு வந்த 1930-ஆம் ஆண்டிலேயே இந்த அம்மையார், தன் சட்டசபை அனுபவங்களை ஆங்கிலத்தில் ஒரு புத்தகமாக எழுதி வெளியிட்டார். அங்கே போனேன், இதைக் கேட்டேன், இன்னார் இப்படி எதிர்த்தார், இது நடந்தது, இது நடக்கவில்லை. அவர் நியமன உறுப்பினர். ஓட்டுக் கேட்டு யார் வீட்டு வாசலிலும் நின்றவர் அல்ல. யாருக்கும் கணக்குக் காட்டவேண்டிய கட்டாயமில்லை. ஆனாலும் காட்டினார்.

கணக்கு என்றதும் மறுபடி அப்பத்தா. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு தேர்தல். எந்த வருஷம், எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், இரண்டு தரப்பிலும் எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே ஒருமுறை ஜெயித்தவர் இரண்டாவது முறை ஓட்டுக் கேட்டு எங்கள் தெருவுக்கு வந்தார். தப்பட்டை, வெடி, முன்னால் இரண்டு ஜீப். தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் ஆரத்தி. எங்கள் வீட்டில் அப்பத்தா தாம்பாளத்தில் ஆலம் கரைத்து, நடுவில் கற்பூரத்தை ஏற்றி வாசலுக்கு வந்தது. வேட்பாளர் கும்பிட்டபடி முன்னால் வந்து நின்றார். தட்டை ஒரு சுற்றுச் சுற்றிய அப்பத்தா, அப்படியே நிறுத்திவிட்டது.

"ஏந்தம்பி, போன தடவை எங்க ஓட்ட வாங்கிட்டுப் போனியே, அங்க போயி என்ன பேசுன?"

அவர் சிரித்தார். "ஒங்க ஊருக்குத் தண்ணித்தொட்டி கட்டிக் குடுத்திருக்கேனே ஆத்தா."

"தொட்டி இந்தா நிக்குது, எனக்குக் கண்ணு தெரியும். அதக் கேக்கல. அங்க எந்திரிச்சு நின்னு என்ன பேசுன?"

பின்னால் இருந்த ஒருவர், "அண்ணன் நிறையப் பேசியிருக்காரு ஆத்தா" என்றார்.

"அதத்தாம்ப்பா நானும் கேக்குறேன். என்னன்னு?"

தப்பட்டைக்காரர்கள் என்ன நடக்கிறதென்று எட்டிப் பார்த்து, அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். தெரு அமைதியாகிவிட்டது. கற்பூரம் பாதிக்கு மேல் எரிந்துவிட்டது. சுற்றி முடிக்காத ஆரத்தியை விட்டுவிட்டு வேட்பாளர் நகரவும் முடியாது, சகுனம். அவர் நெற்றியில் வேர்வை. எங்கள் அப்பா திண்ணைத் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அப்பத்தா தொடர்ந்தது: "மணப்பாறைச் சந்தைக்கு மாட்டக் குடுத்து அனுப்புனா, ஓட்டிட்டுப் போனவன் திரும்பி வந்து இன்ன வெலைக்குப் போச்சு, தரகு இவ்வளவு, டீ குடிச்சது இவ்வளவுன்னு ஒப்பிக்கிறான். நாங்க ஒன்னய அஞ்சு வருசத்துக்குக் குடுத்து அனுப்பிருக்கோம். ஒண்ணுமே சொல்லாம இன்னொரு மாடு குடுன்னு வந்து நிக்கிறியே அய்யா!"

தெருவே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். நல்ல மனிதர், கோபப்படவில்லை. "சரி ஆத்தா, எழுதி அனுப்புறேன்" என்றார். அப்பத்தா ஆரத்தியை முடித்து நெற்றியில் பொட்டும் வைத்து அனுப்பியது. அவர் ஜெயித்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மெய்யாகவே அனுப்பினார். ஒரு வருஷம் கழித்து ஓர் ஆள் வந்து பழுப்பு உறை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே அவைக் குறிப்பிலிருந்து தட்டச்சு செய்த நான்கு தாள். அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. என்னை உட்காரவைத்துப் படிக்கச் சொன்னது. போன ஐந்து வருஷத்தில் அவர் கேட்ட கேள்விகள் மூன்று. கண்மாய் மதகு ஒன்று, பேருந்து ஒன்று, ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்று. மூன்றுக்கும் அமைச்சர் சொன்ன பதில், பரிசீலனையில் உள்ளது. அப்பத்தா கடைசிவரை கேட்டுவிட்டு, "மூணுதானா?" என்றது. அப்புறம் கொஞ்ச நேரம் யோசித்து, "பரவால்ல, மதகைக் கேட்டிருக்கான்" என்றது. அந்தத் தாள்கள் அப்பத்தா சாகிறவரைக்கும் தகரப் பெட்டிக்குள் நிலப் பட்டாவோடு சேர்ந்து இருந்தன.

அன்றைக்கு அந்த நான்கு தாளைப் படித்ததில் எனக்கு வந்த நோய்தான் இது. மாண்புமிகு உறுப்பினர் அவர்கள் இன்னும் அமர்ந்திருக்கிறார், மகிழ்ச்சி. ஐந்தாவது செய்திக்குத் தாவுகிறேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். ஒவ்வொரு கிளை நூலகத்திலும் ஒரு சட்டமன்ற அலமாரி. அதில் மூன்றே மூன்று வேண்டும். இந்தத் தொகுதி உறுப்பினர் சபையில் கேட்ட கேள்வியும் அமைச்சர் சொன்ன பதிலும். ஆண்டுதோறும் மானியக் கோரிக்கையின்போது துறைகள் அச்சடிக்கும் கொள்கை விளக்கக் குறிப்புகள். நிறைவேறிய சட்டங்கள் தமிழில். புதிதாக யாரும் எதையும் எழுதவேண்டாம். எல்லாம் ஏற்கெனவே அச்சில் இருப்பவை. சபையில் பேசுவதை ஒரு சொல் விடாமல் எழுதிவைப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அவ்வளவு சிரத்தையாக எழுதி, கட்டி, அடுக்கி வைப்பது யாருக்காக?

இணையத்தில்தான் இருக்கிறதே சார் என்பார்கள். இருக்கிறது, நானும் பார்த்தேன். பேரனை உட்காரவைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேடினேன். எந்தத் தேதியில் பேசினார் என்று தெரிந்தால் கிடைக்கும். தேதி தெரிந்தவர்கள் எத்தனை பேர்? தொகுதிவாரியாக, உறுப்பினர்வாரியாக எடுத்துத் தைத்து மேசைமேல் வைத்தால், பால் ஊற்றிவிட்டுப் பேப்பர் படிக்க வருகிற மனிதர் இரண்டு பக்கம் புரட்டுவார். எங்கள் நூலகத்தில் அப்படிப் புரட்டுகிறவர்கள் காலையில் மட்டும் பதினைந்து பேர். நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன், எனக்கு வேறு வேலை இல்லை.

நூலகத்துக்கும் சட்டசபைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட அதிகாரி ஒருவரும் உண்டு. ஐயா, இந்தக் கட்டடமே சட்டசபை போட்ட பிள்ளை. 1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. நூலகத் துறை முன்னோடி அரங்கநாதன் போன்றவர்கள் பல வருஷம் கத்திக் கத்தி, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இப்படியொரு சட்டம் முதலில் போட்டது நாம்தான். அதே ஆண்டுதான் நம் சமஸ்தானமும் மாகாணத்தோடு சேர்ந்தது. இன்றைக்கும் வீட்டு வரி ரசீதைத் திருப்பிப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். கட்டிக்கொண்டிருக்கிறோம். நம் காசில் வாங்கிய அலமாரியில் நம் ஆள் பேசியதை வைக்கச் சொல்கிறோம்.

இது உறுப்பினர்களை மாட்டிவைக்கிற வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தொட்டி கட்டினால் கல்வெட்டு வைக்கிறார்கள், நிழற்குடைக்குப் பெயர் எழுதுகிறார்கள். நல்ல கேள்வி கேட்டால் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. கண்மாய் மதகுக்காக எழுந்து நின்று, அமைச்சர் பதில் போதாதென்று துணை வினா கேட்டவரை ஊரில் யாருக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு வந்தாரா இல்லையா என்பதுதான் தெரியும். அப்புறம் அவரும் கல்யாணத்துக்குத்தானே போவார்?

2021-இல் நம் சட்டமன்றத்துக்கு 234 பேரில் 12 பெண்கள்தான் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். முத்துலட்சுமி அம்மையார் துணைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து தொண்ணூற்று நான்கு வருஷம் கழித்து வந்த கணக்கு இது. அந்தப் பன்னிரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று நம் பள்ளிப் பிள்ளைகள் படித்திருக்கிறார்களா? தலைமையாசிரியை அவர்களே, அலமாரி வந்தால் முதல் நாள் உங்கள் பிள்ளைகளைத்தான் வரிசையில் கூட்டிவரச் சொல்வேன்.

துண்டுச்சீட்டு வந்துவிட்டது. 'சுருக்கவும்' என்று இருக்கிறது. தலைவர் கையெழுத்து அழகாக இருக்கிறது.

நான்காவது செய்தியைத் தாண்டி வந்துவிட்டேன், இரண்டு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். 1930களின் தொடக்கத்தில், போக இடமில்லாத பெண்களுக்காக அவ்வை இல்லம். 1923-இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தை முப்பது வருஷம் மனத்தில் வைத்திருந்து, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1954-இல் பன்னிரண்டு படுக்கையோடு தொடங்கியது. 1956-இல் பத்மபூஷண். 1968-இல் மறைந்தார். இன்று கர்ப்பிணிப் பெண்களுக்கு அரசு தரும் உதவித்தொகை அவர் பெயரில்தான் இருக்கிறது. மருத்துவமனை கட்டுவதற்கு அவர் எத்தனை வாசல் ஏறினார் என்பதே ஒரு பெரிய கதை. பாடிக் கறந்தார், ஆடிக் கறந்தார், சில இடத்தில் உதையும் வாங்கியிருப்பார்.

மாண்புமிகு உறுப்பினர் அவர்களே, தங்களிடம் இந்த மேடையிலேயே வாக்குறுதி எதுவும் கேட்கமாட்டேன். அது முறையல்ல. நகர்மன்றத் தலைவர் அவர்களே, இரும்பு அலமாரி ஒன்றை மட்டும் தாங்கள் தரலாம். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, கதவு மூடவேண்டும், எலி இருக்கிறது. நூலகர் அம்மா சன்னலோரம் இடம் ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பைண்டிங் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். மேலிடத்துக்கு அனுப்புவதற்கான கையெழுத்து நோட்டு வாசலில் மேசைமேல் இருக்கிறது. ஏற்கெனவே மூன்று நோட்டு நிறைந்துவிட்டது, இது நான்காவது. பெயரும் ஊரும் போதும், செல்பேசி எண் வேண்டாம். பேனாவை நூல் போட்டு மேசைக்காலில் கட்டிவைத்திருக்கிறேன். போன வாரம் இரண்டு காணாமல் போய்விட்டன. சுண்டல் வாங்கும் வரிசையும் அந்த வழியாகத்தான் போகிறது.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.